பழைய நோட்டில் இருக்கும் கவிதைகள்: தேடுவது முதல் அச்சிடுவது வரை ஒரு முழு வழிகாட்டி

என் மூன்றாம் வகுப்பு ரஃப் நோட்டில் பென்சிலால் எழுதிய நான்கு வரிகள் இருக்கின்றன:

மழை வருது மழை வருது
மாடியில துணி கிடக்குது
அம்மா ஓடி வருகுது
அப்பளமெல்லாம் நனையுது

மூன்றாவது வரியில் 'வருகுது' சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே 'வருகிறார்' என்று எழுதப்பட்டிருக்கிறது. திண்டுக்கல் வீட்டைக் காலி செய்தபோது பரணில் இருந்த ட்ரங்குப் பெட்டியில் இந்த நோட்டு கிடைத்தது. கூடவே இன்னும் நான்கு நோட்டுகள், ஒரு டைரி, பழுத்துப்போன சில தனித்தாள்கள். நாற்பது வருஷம் கழித்து அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு நான் செய்தவை, செய்யாமல் விட்டிருக்க வேண்டியவை இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன். சிறுவயதில் நாலு வரியாவது எழுதியவர் என்றால் உங்களுக்கும் உதவும். எழுதாதவர்கள் நம் ஊரில் குறைவு என்பது என் எண்ணம்.

முதல் படி: தேடுங்கள், போகிக்கு முன்னால்

பழைய நோட்டுகளுக்கு எமன்கள் மூன்று: போகி, பழைய பேப்பர்காரர், வெள்ளையடிப்பு. இவற்றில் எதுவும் நெருங்குவதற்கு முன் தேடிவிடுங்கள். தனியாகக் 'கவிதை நோட்டு' என்று எழுதி வைத்தது மட்டும்தான் கண்ணில் படும். ஆனால் பெரும்பாலான கவிதைகள் அதில் இருக்காது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், ஆட்டோகிராஃப் புத்தகம், பொங்கல் வாழ்த்து அட்டையின் பின்பக்கம், அப்பாவுக்கு அலுவலகத்தில் கொடுத்த டைரி, தமிழ்ப் புத்தகத்தின் ஓரம் என்று அவை ஒளிந்திருக்கும். எல்லா நோட்டையும் பின்னாலிருந்து முன்னால் புரட்டுங்கள். பாடம் முன்பக்கத்தில் தொடங்கும், கவிதை பின்பக்கத்தில் தொடங்கும்.

வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லையா? வெளியேயும் இடங்கள் உண்டு. பள்ளி ஆண்டு மலரில் ஏதாவது வந்திருந்தால் பள்ளி நூலகத்தில் பழைய மலர்கள் கட்டாகக் கிடக்கலாம். கூடப் படித்தவர்களோடு சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தியிருந்தால், அதன் 'ஆசிரியர்' யாரோ அவர் வீட்டில் கேளுங்கள். ஒரே பிரதிதான் இருக்கும், அதையும் அவர் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார். சிறுவர் பத்திரிகையில் அச்சாகியிருந்தால் சென்னையில் இரண்டு இடங்களை முதலில் சொல்வேன். ஒன்று 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். இன்னொன்று ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் இருந்து பிறந்தது அது. இலங்கையில் படித்தவர்கள் இணையத்தில் உள்ள நூலகம் திட்டத்தின் சேகரிப்பில் பள்ளி மலர்களைத் தேடலாம். எங்கே போனாலும் உத்தேசமான வருஷத்தோடு போங்கள். 'சின்ன வயசுல கோகுலத்துல வந்துச்சு' என்று மட்டும் சொன்னால், பாவம், நூலகர் என்ன செய்வார்? அந்த இதழ் 1972இல் தொடங்கியது. மாதம் ஒன்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: வாசிக்கும் முன் தாளைக் காப்பாற்றுங்கள்

பெட்டியைத் திறந்ததும் உட்கார்ந்து படிக்கத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். நான் பொறுக்கவில்லை. முதல் நோட்டைத் திறந்த வேகத்தில் நடுத்தாள் இரண்டாகப் போய்விட்டது.

நம் பள்ளி நோட்டுகள் மலிவான மரக்கூழ்த் தாளில் செய்தவை. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும், அமிலம் ஏறும், மடிப்பில் முறியும். எனவே நோட்டை மேசையில் மல்லாக்க வைத்து, 180 பாகைக்கு அழுத்தி விரிக்காமல், இரண்டு பக்கமும் தலையணைபோல் மடித்த துண்டை முட்டுக்கொடுத்துத் திறங்கள். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள் பின் இருந்தால் இழுக்காதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே பழைய பிளாஸ்டிக் அட்டைத் துண்டைச் செருகி, மெதுவாக நெம்பி எடுங்கள்.

ஈரம் பட்ட நோட்டை வெயிலில் காயப்போடக் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், சில பக்கங்களுக்கு ஒன்றாக அச்சடிக்காத வெற்றுத்தாள் செருகி உலர்த்த வேண்டும். செய்தித்தாளைச் செருகினால் அதன் மை உங்கள் கவிதையில் ஒட்டும்.

பூச்சி இருக்கிறதா என்று முதுகுப் பக்கம் தட்டிப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடினால் அது இராமபாணப் பூச்சி. பசையும் மாவுச்சத்தும் அதற்கு விருந்து. நன்றாகக் காய்ந்த நோட்டை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே கிடந்து அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் வியர்த்து ஈரமாகிவிடும். ஃப்ரீசரில் மீன் வைக்கும் வீடு என்றால் இரட்டை உறை போடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது.

கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், அதன் பசை மஞ்சள் கறையாக அப்படியே நிற்கும். லேமினேஷன் அதைவிட மோசம், சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. பாச்சை உருண்டை தாளில் நேராகப் படக் கூடாது. பாட்டி சொல்வதுபோல் வேப்பிலை வைக்கலாம், ஆனால் காய்ந்த இலையாக இருக்க வேண்டும், பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும். சுவடிகளைத் துணியில் பொதிந்து வைத்தார்களே, அதையே செய்யுங்கள்: துவைத்துக் கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். வைக்கும் இடம் அலமாரியின் மேல்தட்டாக இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளில் கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் என்ன ஆனது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு வேடிக்கை. எட்டு வயதில் பென்சிலால் எழுதியது இன்றும் பளிச்சென்று இருக்கிறது. பெரியவளாகிவிட்ட மிதப்பில் ராயல் புளூ மையில் எழுதிய பதினைந்து வயதுக் கவிதைகள் பாதி வெளுத்துவிட்டன. பென்சில் என்பது கரி, தண்ணீரும் வெளிச்சமும் அதை ஒன்றும் செய்வதில்லை. ரப்பர்தான் அதன் ஒரே எதிரி. துவைத்தால் போகும் சாய மை மட்டும் வெளிச்சத்தில் சாயம் போகாமல் இருக்குமா?

மூன்றாம் படி: அட்டை முதல் அட்டை வரை படம் எடுங்கள்

முதல் முறை நான் கவிதை இருந்த பக்கங்களை மட்டும் படம் எடுத்தேன். அது பெரிய தப்பு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நீங்கள் முன்னட்டை, உள்ளட்டை, வெற்றுப் பக்கம், கணக்குப் போட்ட பக்கம், வாய்ப்பாடு அச்சிட்ட பின்னட்டை என்று வரிசையாக எல்லாவற்றையும் எடுங்கள். செருகி வைத்த பஸ் டிக்கெட், அழுத்தி வைத்த மயிலிறகு, பக்கத்தோடு ஒட்டிப்போன பூவிதழ் எல்லாமே கணக்கில் சேர்த்தி.

கைபேசி போதும். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சன்னலோரம் உட்காருங்கள், ஃபிளாஷ் வேண்டாம். ஆவணம் ஸ்கேன் செய்யும் செயலிகள் பின்னணியை வெள்ளையாக்கும் ஆர்வத்தில் மங்கிய பென்சிலையும் சேர்த்துத் துடைத்துவிடும். அதனால் சாதாரணக் கேமராவில் எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் மைக்கு 300 டிபிஐ, பென்சிலுக்கு 600. அழித்து எழுதிய இடத்தில் கைவிளக்கைத் தாளுக்குச் சமமாகப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள், அழிந்த எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். இப்படித்தான் என் ஐந்தாம் வகுப்புக் கவிதை ஒன்றின் முதல் தலைப்பைப் பிடித்தேன். 'நிலா' என்று எழுதி அழித்துவிட்டு 'கரண்ட்' என்று மாற்றியிருந்தேன். பரவாயில்லை, சரியான முடிவு.

கோப்புகளுக்கு வருஷம், நோட்டு, பக்கம் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். வீட்டில் ஒன்று, மேகச் சேமிப்பில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் தம்பி தங்கையிடம் ஒன்று என மூன்று பிரதி. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

2000ஐ ஒட்டிக் கணினியில் எழுதியவர்களுக்குத் தாள் தொல்லை இல்லை, எழுத்துருத் தொல்லை உண்டு. பாமினி, திஸ்கி போன்றவற்றில் தட்டிய கவிதை இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். அழிந்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகளில் ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும்.

நான்காம் படி: எப்போது எழுதியது என்று கண்டுபிடியுங்கள்

குழந்தைகள் தேதி போடுவதில்லை. போட்டாலும் '12.3' என்று நிறுத்திவிடுவார்கள், வருஷம் என்பது எப்போதும் இருப்பதுதானே. அதனால் துப்பறிய வேண்டும்.

லேபிளில் வகுப்பும் பிரிவும் இருந்தால் வேலை பாதி முடிந்தது. இல்லாவிட்டால் கையெழுத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1978 அரசாணைக்குப் பிறகு லை, ளை, னை, ணை போன்றவற்றின் யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய குறி போய் இப்போதைய கொம்பு வந்தது. றா, னா, ணா எழுத்துகளும் சுழி நீங்கித் துணைக்கால் பெற்றன. நான் 1980இல் பள்ளியில் சேர்ந்தவள். வகுப்பில் புது எழுத்து, வீட்டில் பாட்டி சொல்லிக்கொடுத்தது பழைய எழுத்து. என் மூன்றாம் வகுப்பு நோட்டில் ஒரு பக்கத்தில் லை புது வடிவிலும், அடுத்த பக்கத்தில் 'தலை' துதிக்கையோடும் இருக்கிறது. நான்காம் வகுப்பில் துதிக்கை மறைந்துவிடுகிறது. பாட்டி தோற்ற வருஷம் 1983 என்று துல்லியமாகச் சொல்லலாம்.

அடுத்த துப்பு இரங்கற்பா. நம் பிள்ளைகள் தலைவர் இறந்தால் கவிதை எழுதுவார்கள். இந்திரா காந்தி என்றால் 31 அக்டோபர் 1984க்குப் பிந்தியது. எம்.ஜி.ஆர். என்றால் 24 டிசம்பர் 1987. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீ, அதே வருஷம் டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை. அந்த ஒரே வருஷத்தில் எழுதத் தொடங்கிய பிள்ளைகள் நோட்டுகளில் இரண்டு இரங்கற்பாக்களாவது இருக்கும். கவிதை எப்படி இருந்தாலும் சரி, அந்த வாரம் வீட்டில் பெரியவர்கள் என்ன பேசினார்கள் என்பது அதில் அப்படியே பதிவாகியிருக்கும். 'எங்கள் தங்கமே' என்று தொடங்கும் என் எம்.ஜி.ஆர். இரங்கற்பாவில் ஐந்தாவது வரி, கடை அடைத்ததால் பால் கிடைக்கவில்லை என்கிறது.

ஐந்தாம் படி: முதல் வாசிப்பு, பேனா இல்லாமல்

தனியாக உட்காருங்கள். சத்தமாக வாசியுங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வாசியுங்கள். கையில் பேனா இருக்கக் கூடாது, இருந்தால் திருத்தத் தோன்றும்.

கூச்சம் வரும், அதைத் தடுக்க முடியாது. 'தென்றலே', 'நெஞ்சே' என்று தொடங்கி மூன்று ஆச்சரியக்குறியில் முடியும் பக்கங்கள் இருக்கத்தான் செய்யும். மூன்று வயதில் சம்பந்தர் பாடியதாகச் சொல்லும் மொழியில், பதினோரு வயதில் எட்டயபுரத்தில் 'பாரதி' பட்டம் வாங்கிய பையன் இருந்த மொழியில், நாம் எட்டு வயதில் அப்பளம் நனைவதைப் பாடியிருக்கிறோம். அந்த ஒப்பீடு நமக்கு வேண்டாம். வேண்டுமானால் பின்னாளில் 'ஜேன் அயர்' நாவல் எழுதிய இங்கிலாந்துப் பெண் சார்லட் பிராண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1829இல் 13 வயதில் பத்துக் கவிதைகளை எழுதி, சீட்டுக்கட்டு அட்டையைவிடச் சிறிய புத்தகமாகத் தானே தைத்தார். இவை தரம் குறைந்த முயற்சிகள்தான், ஆனாலும் என்னால் முடிந்ததில் சிறந்தவை இவை என்று அதிலேயே குறிப்பும் எழுதி வைத்தார். யாராலும் விற்கப்படாதது என்றும் அதில் போட்டிருந்தார். 2022இல் அது 12.5 லட்சம் டாலருக்கு விற்று, அவர் வளர்ந்த ஹாவொர்த் வீட்டு அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது. விலையை விடுங்கள், அந்தக் குறிப்பைப் பாருங்கள். தன் கவிதையின் தரம் 13 வயதுப் பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது. நமக்கும் அப்போதே தெரிந்துதான் இருந்திருக்கும். தெரிந்தும் எழுதினோம்.

ஆறாம் படி: இரண்டாம் வாசிப்பு, எது யாருடைய குரல்?

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும். நான் மூன்று அடுக்காகப் பிரித்தேன்: கேட்டு எழுதியது, பார்த்து எழுதியது, தானாக வந்தது.

கேட்டு எழுதியது என்றால் ஆசிரியரோ விழாவோ கேட்டு எழுதியது. தமிழ்த்தாய், மரம் வளர்ப்போம், நேரு மாமா. இவற்றை விரைவாகத் தாண்டலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், கடமைக்கு எழுதும்போது எந்த இடத்தில் கவனம் சிதறியிருக்கிறது? என் மரக் கவிதையில் நிழல், கனி, காற்று எல்லாம் முறையாக வந்தபிறகு, 'கம்பளிப்பூச்சி விழும்' என்று ஒரு வரி நுழைந்திருக்கிறது. அந்த ஒரு வரிதான் நான் பார்த்த மரம்.

பார்த்து எழுதியது பெரிய அடுக்கு. எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு காய்ச்சல்கள் இருந்தன: புதுக்கவிதை, ஹைக்கூ. ஜப்பானியக் கவிதை பற்றிப் பாரதி 1916லேயே சுதேசமித்திரனில் எழுதிவிட்டார். ஆனால் பத்திரிகை ஓரமெல்லாம் மூன்று வரிக் கவிதைகள் முளைத்தது எங்கள் காலத்தில்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றியும் முதிர்கன்னி பற்றியும் எழுதிக் குவித்தோம். வேலையும் தெரியாது, கல்யாணமும் தெரியாது. எட்டாம் வகுப்பு நோட்டில் என்னுடையது இது:

கல்யாணச் சந்தையில்
விலை போகாத பூ...
முதிர்கன்னி!

நக்கலாகச் சிரித்துக்கொண்டே இதைப் பார்த்து எழுதிய அடுக்கில் போட்டேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அடுக்கு தானாக வந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, கைதட்டிச் சொல்லிப் பார்ப்பது. குழந்தையின் காதில் பாடப்புத்தகத்தைவிடக் கும்மியும் சிந்தும் தாலாட்டும்தான் முதலில் ஏறியிருக்கும், தாளம் தன்னால் வரும். மழைப் பாட்டின் முதல் வரி எல்லாப் பிள்ளைகளும் பாடும் பாட்டிலிருந்து வாங்கியது. இரண்டாவது வரியிலிருந்து என் சொந்த மாடி. மழை, மாடி, அம்மா, அப்பளம் என்று மோனை விழுந்திருக்கிறது. வருது, கிடக்குது, வருகுது, நனையுது என்று கடைசியில் இயைபு ஓடுகிறது. மோனை என்ற சொல்லையே அப்போது நான் கேள்விப்பட்டதில்லை.

ஆசிரியர் போட்ட 'வருகிறார்' இலக்கணப்படி சரி. இயைபுப்படி சறுக்கல். இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டில் அம்மாவை 'அம்மா வருது' என்றுதான் சொல்வோம், பாட்டி வருது, அத்தை போகுது. செல்லமானவர்கள் எல்லாரும் அஃறிணை. சிவப்பு மை திருத்தியது ஒரு சொல்லைத்தான், ஆனால் போனது எங்கள் வீட்டுப் பேச்சு. அதன் பிறகு நான் எழுதிய பள்ளிக் கவிதைகளில் அம்மா 'வருகிறார்', 'உண்கிறார்', 'உறங்குகிறார்'. பின்னட்டைக்குள் ஒளித்து எழுதியவற்றில் மட்டும் பழையபடி நடமாடுகிறாள். ஐந்தாம் வகுப்பில் எழுதிய அந்தக் கரண்ட் கவிதையைப் பாருங்கள்:

கரண்ட் போனால் நிலா வரும்
நிலா வந்தால் பாட்டி வரும்
பாட்டி வந்தால் கதை வரும்
கதை வந்தால் தூக்கம் வரும்
தூக்கம் வந்தால் கரண்ட் வரும்

ஒரு வரியின் முடிவு அடுத்த வரியின் தொடக்கம். இதற்கு அந்தாதி என்று பெயர். கடைசி வரி முதல் வரியைத் தொட்டுச் சுற்றி வருவதைப் புலவர்கள் மண்டலித்தல் என்பார்கள். எனக்கு எங்கிருந்து வந்தது? பிள்ளைகள் திண்ணையில் ஒன்றைச் சொன்னால் அதைப் பிடித்து அடுத்ததைச் சொல்லும் விளையாட்டிலிருந்துதான் வந்திருக்கும். உங்கள் நோட்டிலும் இப்படிப் பெயர் தெரியாமல் செய்த வித்தைகள் இருக்கும், தேடுங்கள். நாற்பது வயதுக்கு மேல் யாப்பிலக்கணம் படிக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

ஏழாம் படி: பிழையோடு படி எடுங்கள்

படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் கருவிகள் அச்சுத் தமிழை ஓரளவு நன்றாகவே வாசிக்கும். குழந்தைக் கையெழுத்தில் தடுமாறும். குரல்வழித் தட்டச்சு உதவும், ஆனால் அதற்கும் அந்த ஆசிரியரின் குணம் உண்டு. தனக்குப் பழக்கமில்லாத சொல்லைத் தனக்குத் தெரிந்ததாக மாற்றி வைக்கும். நான் கையால்தான் தட்டினேன். ஐந்து நோட்டு, பதினோரு ஞாயிற்றுக்கிழமை.

எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை, வரி உடைந்த இடம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். 'நிணைவு' என்று எழுதியிருந்தால் 'நிணைவு'தான். அடித்ததையும் எழுதுங்கள், திருத்தியவர் கையையும் தனியாகக் குறியுங்கள்: 'சிவப்பு மை, ஆசிரியர்'. ஒவ்வொரு கவிதைக்குக் கீழும் இரண்டு வரி இடம் விட்டு, இன்று ஞாபகத்துக்கு வருவதை எழுதுங்கள். எந்த மாடி, எந்த வீடு, அப்பளம் கடையில் வாங்கியதா வீட்டில் இட்டதா. தேதி போட்டு எழுதுங்கள், இன்றைய உங்களுக்கும் ஒருநாள் துப்பறிவாளர் தேவைப்படலாம்.

ஞாபகத்தில் மட்டும் இருக்கும் கவிதைகளும் உண்டு. தாள் போய்விட்டது, இரண்டு வரி தங்கியிருக்கிறது. அந்த இரண்டு வரியை மட்டும் எழுதி, மீதிக்குப் புள்ளி வையுங்கள். இட்டு நிரப்பாதீர்கள். இன்றைய கை கெட்டிக்காரக் கை, அது உள்ளே புகுந்தால் குழந்தை வெளியேறிவிடும்.

எட்டாம் படி: பக்கத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள்

படி எடுத்து முடித்தபிறகு, விடுபட்ட பக்கங்களையும் படம் எடுத்துவிடலாம் என்று திரும்ப உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்பு நோட்டில் முதிர்கன்னிக் கவிதைக்கு எதிர்ப்பக்கம், முதல் முறை நான் படம் எடுக்காமல் விட்ட பக்கம், வேறு கையெழுத்தில் இருந்தது. சாய்வான, நெருக்கமான எழுத்து. ரவை அரை கிலோ, சீனி முக்கால் கிலோ, முந்திரி 50, கேசரி பவுடர், வாழைக்காய் 4, கடலை மாவு.

கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் எதற்குச் செய்வார்கள் என்று சொல்ல வேண்டுமா? அது அத்தையின் கையெழுத்து. அப்பாவின் தங்கை. அந்த 1988இல் அத்தைக்கு 29 வயது. எங்கள் வீட்டில் இருந்தார், மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது பெண் பார்க்க வந்தார்கள். தட்டு தூக்கியவள் நான்தான். பார்த்து எழுதியது என்று நான் ஒதுக்கியது, உண்மையிலேயே பார்த்து எழுதியதுதான், பத்திரிகையை அல்ல.

அடுத்த இரண்டு வருஷத்தில் அத்தை திருமணமாகி, இப்போது கரூரில் இருக்கிறார். போன் செய்தேன்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 'இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்பார்கள், அதோடு முடிந்தது. பொருளைக் கேளுங்கள். துணி காய்ந்த மாடி எது, அப்பளம் யார் இட்டது, அன்றைக்கு யார் வந்தார்கள். நான் லிஸ்ட்டைப் பற்றிக் கேட்டேன்.

"என் நோட்டுல சாமான் லிஸ்ட் எழுதியிருக்கீங்க அத்தை."

"வெறும் பக்கம் அதுலதான இருந்துச்சு. பொண்ணு பார்க்க பழனியிலருந்து வந்தாங்கல்ல, அதுக்கு."

"எதுத்த பக்கத்துல நான் ஒண்ணு எழுதியிருந்தேன். பார்த்தீங்களா?"

"பார்க்காம? பூன்னு எழுதியிருந்த."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா விலை போகாதன்னு ஏண்டி எழுதுன?"

ஒன்பதாம் படி: எதை வெளியே கொடுப்பது

எழுதியது குழந்தையாக இருந்தாலும் பதிப்புரிமை எழுதியவருக்குத்தான். இந்தியச் சட்டப்படி ஆயுள் முழுதும், அதன் பிறகு 60 வருஷமும். அது சட்டம். கவிதைக்குள் இருப்பவர்களுக்குச் சட்டத்தில் பங்கு இல்லை, அதனால் நாமாகத்தான் கேட்க வேண்டும். வீட்டுச் சண்டை, அடுத்த பெஞ்சுப் பையன், கடன் கேட்டு வந்தவர் எல்லாம் பிள்ளைகள் கவிதையில் சொந்தப் பெயரோடு வருவார்கள்.

குடும்பத்துக்கு மட்டும் என்றால் ஜெராக்ஸ் கடையிலேயே சின்னப் புத்தகம் போட்டுவிடலாம். ஏ4 தாளைக் குறுக்கே மடித்தால் நோட்டு அளவு வந்துவிடும். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கட்டும். இடப்பக்கம் நோட்டுப் பக்கத்தின் படம், வலப்பக்கம் தட்டச்சு செய்தது, கீழே ஞாபகக் குறிப்பு. நடுவில் இரண்டு ஸ்டேப்பிள், அல்லது நூல் தையல். நூல் துருப்பிடிக்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கடைசி நான்கு பக்கங்களை வெறுமையாக விடுங்கள், அவர்கள் அதை வெறுமையாக விட மாட்டார்கள்.

நான் 20 பிரதி போட்டேன். மழைப் பாட்டில் 'வருகுது' திரும்ப வந்துவிட்டது. சிவப்பு மை எதிர்ப்பக்கப் படத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பகுதியில் அத்தையின் லிஸ்ட் மட்டும் இருக்கிறது, ரவையிலிருந்து கடலை மாவு வரை, முழுப் பக்கத்துக்கு. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் போடவில்லை. கரூருக்கு இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறேன்.